அதட்டினால் அடங்காத கண் சிமிட்டல்

குழந்தைகளின் 'டிக்' கோளாறுக்கு மாத்திரை இல்லாத சிகிச்சை உண்டு. அதில் பாதி வேலை குழந்தையுடையது. மீதிப் பாதி, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய பெரியவர்களுடையது.

முதலில் கண் டாக்டரிடம்தான் போகிறார்கள். எட்டு வயதுப் பையன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான். டிவியும் செல்போனும் அதிகம் பார்த்ததன் பலன் என்று வீட்டில் தீர்மானமாகி, சொட்டு மருந்தோடு திரும்புகிறார்கள். ஒரு மாதத்தில் சிமிட்டல் நின்றுவிடுகிறது. டாக்டருக்கு நல்ல பெயர். அடுத்த மாதம் பையன் மூக்கை உறிஞ்ச ஆரம்பிக்கிறான். இப்போது காது மூக்கு தொண்டை நிபுணர், அலர்ஜி மாத்திரை. பிறகு தோள் ஒரு பக்கமாகத் துள்ளுகிறது. தொண்டையிலிருந்து இடைவிடாமல் ஒரு செருமல். வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருப்பவன் அதை அப்படியே செய்து காட்டுகிறான். ஆசிரியை இருவரையும் வெளியே நிறுத்துகிறார். வீட்டில் பாட்டி மிளகாய் சுற்றிப் போடுகிறார். அப்பா, "வேண்டுமென்றே செய்கிறான்" என்று முதுகில் ஒன்று வைக்கிறார். அவரிடம் ஆதாரமும் இருக்கிறது: விருந்தாளிகள் வந்திருந்தபோது அரை மணி நேரம் சும்மாதானே இருந்தான்?

லக்னோவானாலும் நாகபுரியானாலும் புவனேஸ்வரமானாலும் கதை ஏறக்குறைய இதுதான். யாராவது ஒருவர் 'டிக்' என்ற சொல்லை உச்சரிப்பதற்குள் ஓரிரு வருடங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள், தன் உடம்பு தன் பேச்சைக் கேட்பதில்லை என்பதோடு, தான் கெட்ட பையன் என்பதையும் சிறுவன் கற்றுக்கொண்டுவிடுகிறான்.

சொல் இல்லாததும் ஒரு சிக்கல். திடீரென்று, விட்டு விட்டு, தாளமில்லாமல் வரும் இந்தச் சிறு அசைவுகளுக்கும் ஒலிகளுக்கும் நம் மொழிகளில் நிலைபெற்ற பெயர் கிடையாது. 'வலிப்பு' என்றால் அது வேறு நோய். நினைவு தப்பும், மருந்து வேறு. 'சேட்டை' என்றால் அதற்கு மருந்து பிரம்பு. 2018இல் ராணி முகர்ஜி நடித்து வெளிவந்த இந்திப் படம், டூரெட் சிண்ட்ரோம் உள்ள ஓர் ஆசிரியையின் கதை. அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹனின் சுயசரிதையிலிருந்து எடுத்தது. படத்துக்கு வைத்த தலைப்பு 'ஹிச்கி', அதாவது விக்கல். மருத்துவப்படி விக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'அவள் வேண்டுமென்று செய்யவில்லை' என்பதை ஒரே சொல்லில் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் அகப்படுவது கஷ்டம். விக்கல் எடுப்பவரை யாரும் அடிப்பதில்லை.

டிக் அபூர்வமான விஷயமல்ல. பள்ளி வயதுக் குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு வரை எப்போதாவது ஒரு கட்டத்தில் ஏதாவதொரு டிக் தலைகாட்டலாம் என்கின்றன ஆய்வுகள். பெரும்பாலும் சில மாதங்களில் தானே மறைந்துவிடும். உடலசைவுகள் பலவும், குரல் சார்ந்தது ஒன்றாவதும் தோன்றி, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதுதான் டூரெட் சிண்ட்ரோம். நூறு குழந்தைகளில் ஒருவர், அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். கெட்ட வார்த்தைகளை உளறுவதுதான் இந்த நோய் என்று சினிமாக்கள் பரப்பிய எண்ணம் தவறு. பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்று அதிகமானவர்களுக்கோதான் அது வருகிறது.

பெற்றோருக்கு ஆறுதல் தரவேண்டிய தகவல் ஒன்றும் இருக்கிறது. பொதுவாக நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் ஆரம்பிக்கும் டிக், பத்திலிருந்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், வாலிபப் பருவத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தணிந்துவிடுகிறது. சிலருக்குச் சுத்தமாக மறைந்துபோகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது. இடைப்பட்ட காலத்திலோ அது அலைபோல ஏறி இறங்கும். இந்த வாரம் கண், அடுத்த மாதம் கழுத்து, நடுவில் ஒன்றுமே இல்லாத பதினைந்து நாட்கள். அலை உச்சத்தில் இருக்கும்போதுதான் பெற்றோர் பதறி ஓடுகிறார்கள். ஓடிய இடம் எதுவானாலும், அடுத்து வருவது இறக்கம்தான். சொட்டு மருந்துக்கும் தாயத்துக்கும் ஒரே மாதிரி நற்சான்று கிடைப்பது இதனால்தான்.

அடக்க முடியும், ஆனால்

விருந்தாளி முன்னால் அடங்கியிருந்த பையன் விஷயத்துக்கு வருவோம். அப்பா கவனித்தது சரி. அவர் முடிவுக்கு வந்த விதம்தான் தப்பு. டிக் என்பது முழுக்கத் தன்னிச்சையற்ற துடிப்பு அல்ல. முழுக்க விரும்பிச் செய்வதும் அல்ல. கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளைக் கேட்டால், அசைவுக்குச் சற்று முன்பு அந்த இடத்தில் ஓர் அரிப்பு, ஓர் இறுக்கம், தும்மல் வரப்போகிற மாதிரி ஒரு தவிப்பு என்று சொல்வார்கள். அசைவைச் செய்து முடித்ததும் தவிப்பு ஒரு கணம் தீர்கிறது. தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கிற மாதிரி இதையும் அடக்கலாம். ஆனால் கவனம் முழுவதும் அதிலேயே போய்விடும். கணக்குப் பாடத்தின்போது தோளை அடக்கிக்கொண்டிருக்கும் பையனுக்குக் கணக்கு காதில் ஏறாது.

மருந்தில்லாச் சிகிச்சை பிடித்துக்கொள்வது இந்தத் தவிப்பைத்தான். அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். 'பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி' என்று பெயர். ஆனால் அது நெடுநாள் ஓரத்திலேயே கிடந்தது. காரணம் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. பாரிஸில் ஜில் தி லா டூரெட் 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதி இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் இது மனசின் கோளாறு, வளர்ப்பின் கோளாறு என்றே பேசப்பட்டது. பழி பெரும்பாலும் தாய்மார்மேல் விழுந்தது. 1960களில் ஹாலோபெரிடால் மாத்திரைக்கு டிக் கட்டுப்படுவது தெரிந்ததும் ஊசல் மறுமுனைக்குப் போயிற்று. இது மூளையின் கோளாறு, ஆகவே மாத்திரை மட்டுமே வழி என்றார்கள். மூளையின் கோளாறு என்பது உண்மை. 'ஆகவே' என்பதில்தான் தவறு.

மாத்திரைக்கு விலையும் உண்டு. தூக்கக் கலக்கம், உடல் எடை கூடுவது, தசை விறைப்பு, மந்தம். நரம்பியல் நிபுணர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய ரே என்ற நோயாளியின் கதை பிரசித்தம். வார நாட்களில் ஹாலோபெரிடால் சாப்பிட்டு அமைதியாக வேலை பார்த்த ரே, வார இறுதியில் மாத்திரையை நிறுத்திவிடுவார். அப்போதுதான் அவருடைய ஜாஸ் டிரம் வாசிப்பில் பழைய துள்ளல் வரும். வளர்ந்த மனிதர் அப்படித் தேர்ந்துகொள்ளலாம். பத்து வயதுப் பையனுக்காகத் தேர்ந்துகொள்வது மற்றவர்கள்.

நாற்காலியில் நடப்பது என்ன?

அஸ்ரின்-நன் முறையோடு வேறு சில அம்சங்களையும் சேர்த்து உருவானது இன்று 'சிபிட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நடத்தைச் சிகிச்சை. இதில் மந்திரமும் இல்லை, மர்மமும் இல்லை. பார்க்கப்போனால் டைப்ரைட்டிங் வகுப்பு மாதிரி அலுப்பூட்டுகிற வேலை.

முதல் நாள், சிறுவனுக்கும் பெற்றோருக்கும் நோய் என்னவென்று விளக்கப்படுகிறது. பல குழந்தைகள் அதிலேயே பாதி பாரத்தை இறக்கிவைக்கிறார்கள். பிறகு டிக்குகளின் பட்டியல். எது அதிகத் தொல்லை என்று மதிப்பெண் போடுவது பெற்றோரல்ல, பையன்தான். அம்மாவுக்குச் செருமல் அவமானமாக இருக்கலாம். அவனுக்கோ கிரிக்கெட் ஆடும்போது கழுத்து வெட்டுவதுதான் பிரச்சினையாக இருக்கலாம். பட்டியலில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, கண்டுபிடிக்கும் பயிற்சி. கழுத்து வெட்டுவதற்கு முன் எந்தத் தசை முதலில் இறுகுகிறது? தாடையா, தோளா? சிகிச்சையாளர் அந்த டிக்கைத் தானே செய்து காட்டுவார். பையன் 'இதோ' என்று கையைத் தூக்க வேண்டும். கேலி செய்யப்பட்டே பழகிய குழந்தைக்கு, ஒரு பெரியவர் தன்முன் உட்கார்ந்து அக்கறையோடு கழுத்தை வெட்டிக் காட்டுவது புதிய அனுபவம். பிறகு அவன் தன்னுடையதையே பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். முதலில் வந்த பிறகு, பின்னர் வரும்போது, கடைசியில் வருவதற்குச் சற்று முன்னால்.

அந்தச் சற்று முன்னால்தான் மாற்றுச் செயல் நுழைகிறது. டிக்கோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத, மற்றவர் கண்ணை உறுத்தாத ஒரு செயல். தோள் துள்ளினால், முழங்கைகளை விலாவோடு மெல்ல அழுத்தித் தோளைக் கீழே இறக்கிப் பிடிப்பது. கழுத்து வெட்டினால், முகவாயைச் சற்றே தாழ்த்திக் கழுத்துத் தசைகளை லேசாக இறுக்குவது. கண் சிமிட்டலுக்கு, பார்வையை ஓரிடத்தில் நிறுத்தி மெதுவாக, நிதானமாகச் சிமிட்டுவது. குரல் டிக்குகளுக்கு, வயிறு ஏறி இறங்கும்படி நிதானமான மூச்சு. ஒரு நிமிடம், அல்லது தவிப்பு அடங்கும்வரை. அடக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அடக்குபவன் தவிப்போடு மல்லுக்கட்டுகிறான். இதில் தவிப்பு வருகிறது, உச்சத்துக்குப் போகிறது, அசைவு இல்லாமலே தானாக இறங்கவும் செய்கிறது என்பதை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறது.

சின்னக் குழந்தைகளுக்கு இது சரிப்பட்டு வராது. பத்து வயதை ஒட்டித்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த முன் தவிப்பு புலப்பட ஆரம்பிக்கிறது. ஐந்தாறு வயதில், வீட்டாருக்கு விளக்குவதும் டிக்கைக் கண்டுகொள்ளாமல் விடுவதுமே முக்கியச் சிகிச்சை.

பலன் என்ன? ஏறி இறங்கும் நோயில் ஒப்பீடு இல்லாத வெற்றிக் கதைகளுக்கு மதிப்பில்லை. அமெரிக்காவில் மூன்று மையங்களில் 9 முதல் 17 வயது வரையிலான 126 பேரை வைத்து நடந்த சோதனை 2010இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு பத்து வாரங்களில் எட்டு அமர்வு சிபிட். மறு பிரிவினருக்கு அதே அளவு நேரம் ஆதரவான பேச்சும் நோய் விளக்கமும். சிபிட் பிரிவில் 52.5 சதவிகிதம் பேர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள்; மற்றதில் 18.5 சதவிகிதம். முன்னேறியவர்களில், ஆறு மாதம் கழித்துப் பார்க்கக் கிடைத்த பெரும்பாலோருக்குப் பலன் நிலைத்திருந்தது. 2019இல் அமெரிக்க நரம்பியல் அகாதெமி வெளியிட்ட வழிகாட்டுதல், சிகிச்சை தேவைப்படுவோருக்கு மாத்திரைக்கு முன்னால் சிபிட்டையே வைக்கிறது. ஐரோப்பிய நிபுணர்களின் பரிந்துரையும் அதே திசையில்தான்.

எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் என்றால் மறு பாதிக்கு அவ்வளவாக இல்லை. முன்னேற்றம் என்பது குணமும் அல்ல. டிக் குறைந்தது, மறையவில்லை. இன்னொரு பழைய பயம் மட்டும் பொய்த்துப்போனது. ஒரு டிக்கைத் தடுத்தால் அது அணைபோட்ட நீர்போல வேறிடத்தில் உடைத்துக்கொண்டு வரும் என்று டாக்டர்களே சொல்லிவந்தார்கள். சோதனைகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

வீடு முழுக்கப் பேச்சு

சிபிட்டின் மறு பாதி, டிக்கைச் சுற்றி என்ன நடக்கிறது என்று துப்பறிவது. எப்போது அதிகம்? பள்ளியிலிருந்து வந்ததுமா, தேர்வு வாரத்திலா, இறுக்கமான காலரும் டையும் போடும்போதா? அது வந்ததும் யார் என்ன செய்கிறார்கள்? 'நிறுத்துடா' என்று ஒரு குரல். 'பாவம், விடு' என்று இன்னொன்று. 'இன்றைக்கு வீட்டுப்பாடம் வேண்டாம்' என்று ஒரு சலுகை. திட்டானாலும் சீராட்டானாலும் எல்லாமே கவனம்தான். அந்தக் கவனம் டிக்கை வளர்க்கக்கூடும் என்பது நடத்தைச் சிகிச்சையின் முக்கியமான பாடம். 'செய்யாதே' என்று சொல்லும்போது குழந்தையின் மனம் வேறெங்கே போகும்?

மேலைநாட்டுக் கையேடுகள் ஓர் அப்பா, ஓர் அம்மாவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே பாட்டி, தாத்தா, சித்தப்பா, மாடி வீட்டுக்காரர், டியூஷன் மாஸ்டர், கல்யாண வீட்டில் 'ஏன் இப்படிச் செய்கிறான்?' என்று எல்லார் முன்னாலும் கேட்கும் தூரத்து அத்தை. அத்தனை பேரையும் ஒன்றும் சொல்லாமல் இருக்கச் செய்வது, பையனுக்குத் தோளை இறக்கக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். அதனால் சிகிச்சைக்குப் பெற்றோரோடு தாத்தா பாட்டியையும் அழைத்துவரச் சொல்வது இங்கே புத்திசாலித்தனம். பாராட்டு எதற்கு என்பதிலும் தெளிவு வேண்டும். 'இன்று ஒருமுறைகூடத் தோள் துள்ளவில்லை' என்பதற்குப் பரிசு கொடுத்தால், நாளை துள்ளும்போது அது தோல்வி. பயிற்சி செய்ததற்குத்தான் பரிசு.

பள்ளிக்கூடம் அடுத்த களம். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் சட்டம் தெரிந்த ஆசிரியருக்கும் டிக் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் டூரெட் என்ற பெயர் இல்லை. ஆகவே தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பெற்றோர் பள்ளியோடு தனித்தனியே மன்றாட வேண்டியிருக்கிறது. நல்ல ஆசிரியர் ஒருவர் வகுப்பில் ஐந்து நிமிடம் விஷயத்தை விளக்கி, தேவைப்படும்போது பையன் எழுந்து வெளியே போய்வர அனுமதித்தால் பெரும்பாலும் அதுவே போதும். டிக்கைவிடக் கேலிதான் குழந்தைகளைப் பள்ளியை விட்டு விரட்டுகிறது.

மாத்திரை வேண்டும்போது

மருந்தில்லாமல் என்பது மதக் கட்டளை அல்ல. கழுத்தை வெட்டி வெட்டி வலியால் துடிக்கும் குழந்தை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தை, தூங்க முடியாத குழந்தை மருந்தில்லாக் கொள்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. குளோனிடின், குவான்ஃபசின் போன்ற ஒப்பீட்டளவில் மென்மையான மருந்துகள் உண்டு. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் உண்டு. மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தும் போகலாம். ஏற்கெனவே மருந்து சாப்பிடும் குழந்தைக்கு, கட்டுரை படித்த உற்சாகத்தில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இன்னொரு விஷயம் அடிக்கடி தவறவிடப்படுகிறது. டூரெட் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குக் கவனக்குறைவுக் கோளாறோ, எண்ணச் சுழற்சி நோயோ, பதற்றமோ கூடவே இருக்கிறது. படிப்பைக் கெடுப்பது பல நேரங்களில் அதுதான். கண்ணுக்குத் தெரிகிற தோளுக்கு வைத்தியம் பார்த்து, தெரியாததை விட்டுவிடுவார்கள்.

'மருந்தில்லாச் சிகிச்சை' என்ற பலகையை வேறு பலரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோதுமையை நிறுத்து, மக்னீசியம் கொடு, இந்தச் சூரணம், அந்த ஆசனம். எதற்கும் உறுதியான சான்று இல்லை. யோகாவும் மூச்சுப் பயிற்சியும் பதற்றத்தைத் தணிக்கும், கெடுதல் செய்யாது. அந்த அளவோடு சரி. கையில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'வேரோடு அறுக்கிறேன்' என்பவர், அலை இறங்கும் வரை காத்திருக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

போலிகள் பெருகுவதற்குக் காரணம், அசல் கிடைக்காதது. 2019இல் வெளியான ஒரு கணக்குப்படி இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்கள். குழந்தை மனநலத்தில் பயின்றவர்கள் அதிலும் சொற்பம். சிபிட் தெரிந்த உளவியலாளர் என்றால் பெருநகரம் தாண்டித் தேட வேண்டாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ், தில்லியில் எய்ம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளுக்குப் போகலாம். ஆனால் வாராவாரம் ஓர் அமர்வு என்பது ராய்ப்பூரிலிருந்தோ சில்சாரிலிருந்தோ வரும் குடும்பத்துக்கு நடக்கிற காரியமா? மாத்திரையை மூன்று மாதத்துக்கு மொத்தமாக எழுதித்தர முடியும், பயிற்சியை முடியாது. டாக்டரின் மேஜையில் மாத்திரை வெல்வது பல சமயம் அறிவியலால் அல்ல, ரயில் டிக்கெட்டால்.

இங்கிலாந்தில் 224 குழந்தைகளிடம் நடத்தி 2021இல் வெளியான சோதனை இந்த இடத்தில் கவனத்துக்குரியது. அங்கே பத்து வாரச் சிகிச்சை முழுவதும் இணையம் வழியாகவே நடந்தது. பயன்படுத்தியது சிபிட்டின் உறவுமுறையான இன்னொரு பயிற்சி: மாற்றுச் செயல் இல்லாமல், தவிப்பைத் தாங்கிக்கொண்டு டிக்கை எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடிகிறது என்று பார்த்து, அந்த நேரத்தை நீட்டிக்கொண்டே போவது. சிகிச்சையாளர் தூரத்திலிருந்து ஊக்கம் கொடுத்தார். மூன்று மாதத்தில் டிக் தீவிரத்தின் மதிப்பெண் 4.5 குறைந்தது, வெறும் விளக்கப் பாடம் பெற்றவர்களுக்கு 1.6. சிறிய வித்தியாசம்தான். ஆனால் யாரும் ரயில் ஏறவில்லை.

செல்போன் இல்லாத வீடு அரிதாகிவிட்ட இந்தியாவில் இதைச் செய்ய முடியும். தடை கருவி அல்ல, மொழி. 'உனக்குள் என்ன தோன்றுகிறது?' என்ற கேள்வியை ஆங்கிலப் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே பெயர்த்துக் கேட்டால் பீகார் பையனும் சரி, மதுரைப் பையனும் சரி, விழிப்பான். 'அரிக்குதா? இழுக்குதா? தும்மல் வர்ற மாதிரியா?' என்று கேட்டால் சொல்லிவிடுவான். பாடங்களை எழுத வேண்டியவர்கள் டாக்டர்கள் மட்டுமல்ல.

அதுவரை ஒரு தொலைபேசி எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை 14416இல் இரவும் பகலும், தமிழ் உள்பட பல மொழிகளில் இயங்குகிறது, கட்டணம் கிடையாது. அவர்கள் போனில் டிக்கைக் குணப்படுத்த மாட்டார்கள். அருகில் யாரைப் பார்க்கலாம் என்று வழி சொல்வார்கள். கண் டாக்டரிடம் போவதற்கு முன்பே அழைக்கலாம்.